பேரு லிஸ்ட்டு போட்டா புள்ளைங்க தப்பிச்சிடுமா?

போன வாரம் கோப்பிக்கடையில ரொட்டி சானாய்க்கு காத்துக்கிட்டு இருந்தப்ப பக்கத்து மேசையில ஒரு அண்ணே போன்ல வந்த நியூஸ சத்தமா படிச்சாரு, வேற ஏதோ ஊர்ல சின்னப் புள்ளைகிட்ட தப்பா நடந்துக்கிட்டவனுக்கு இத்தன வருஷம் ஜெயிலு, இத்தன ரோத்தான், அதான் பிரம்படின்னு. படிச்சு முடிச்சு தே தாரேக்க ஒரு வாய் உறிஞ்சிட்டு, "இவனுங்க போட்டோவ பஸ் ஸ்டாண்டுல ஒட்டணும் லா, அமெரிக்காவுல அப்படித்தான் செய்றாங்களாம், அப்பத்தான் நம்ம புள்ளைங்க தப்பிக்கும்"னாரு. கடையில இருந்த எல்லாரும் தலைய ஆட்டினாங்க. நானும் ஆட்டினேன்னு வைங்க, காலங்காத்தால யாரு வாதாடுறது.

ஆனா வீட்டுக்கு வந்தும் அது மனச விட்டுப் போகல. நான் மலேசியாவுல இருக்குற இந்த டவுன்ல ஒரு கடை வீட்டு மாடியில சின்னதா டியூஷன் நடத்துறேன், சுத்தி இருக்குற செம்பனைத் தோட்டத்து புள்ளைங்க, பக்கத்து தாமான், அதான் குடியிருப்பு, புள்ளைங்கன்னு ஒரு முப்பது பேரு வராங்க, அதனால இந்த விஷயத்த நான் கொஞ்சம் படிச்சிருக்கேன். அந்த அண்ணே சொன்னது நடக்குமா நடக்காதா, சட்டம் போட்டா புள்ளைங்களுக்கு எதிரான குத்தம் நெஜமாவே கொறையுமான்னு, சட்டம் தெரியாதவங்களுக்கும் புரியுற மாதிரி எழுதிப் பாக்குறேன்.

மொதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும். "சட்டம் தடுக்குது"ன்னு நாம ஒரே வார்த்தையில சொல்லிடுறோம், ஆனா அதுக்குள்ள வேற வேற வேலை இருக்கு. தப்பு செய்ய நெனைக்கிறவன பயமுறுத்தி நிறுத்துறது ஒண்ணு. செஞ்சவன ஜெயில்ல வெச்சு, உள்ள இருக்குற வரைக்கும் செய்ய விடாம பாத்துக்கிறது இன்னொண்ணு. வெளிய வந்தவன லிஸ்ட்டுல போட்டு கண்காணிக்கிறது மூணாவது. அப்புறம் யாரும் அதிகம் பேசாத நாலாவது ஒண்ணு இருக்கு, பெரிய தப்பு நடக்குறதுக்கு முன்னாடியே அதுக்கு வழி போடுற சின்ன சின்ன வேலையயே குத்தம்னு ஆக்குறது. கோப்பிக்கடையில நாம கத்துறது எல்லாம் மொதலும் மூணாவதும்தான். எனக்கென்னமோ நாலாவதுலதான் விஷயமே இருக்குன்னு தோணுது, அத பின்னாடி சொல்றேன்.

இந்த லிஸ்ட்டு கதை அமெரிக்காவுலதான் பெருசாச்சு. கலிஃபோர்னியாவுல 1947லயே போலீஸ் ஒரு லிஸ்ட் வெச்சிருந்துச்சு. 1989ல மினசோட்டா மாநிலத்துல ஜேக்கப் வெட்டர்லிங்னு 11 வயசு பையன் சைக்கிள்ல வீட்டுக்கு வரும்போது கடத்தப்பட்டான், அவன் பேருல 1994ல ஒரு சட்டம் வந்து எல்லா மாநிலமும் லிஸ்ட் வெக்கணும்னு ஆச்சு. அதே 1994ல நியூ ஜெர்சியில மேகன்னு ஒரு 7 வயசு பொண்ண எதிர் வீட்டுல குடியிருந்த ஒருத்தன் கொன்னுட்டான், அவன் ஏற்கனவே இதே மாதிரி குத்தத்துக்கு தண்டனை வாங்கினவன், அது அக்கம்பக்கத்துல யாருக்கும் தெரியல. தெரிஞ்சிருந்தா எங்க புள்ள உயிரோட இருந்திருக்கும்னு பெத்தவங்க சொன்னாங்க, யாரு மறுத்துப் பேச முடியும்? 1996ல லிஸ்ட்ட பொதுமக்களுக்கும் தெறந்து விடணும்னு நாடு முழுக்க சட்டம், 2006ல அத இன்னும் இறுக்கி இன்னொரு சட்டம். இப்ப அங்க யாரு வேணாலும் இண்டர்நெட்டுல தேடிப் பாக்கலாம், பேரு, போட்டோ, அட்ரஸ் வரைக்கும்.

சரி, போட்டாங்க, கொறைஞ்சுச்சா? இதுலதான் எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு. மேகன் சட்டம் பொறந்த அதே நியூ ஜெர்சியில 2008ல ஆராய்ச்சி பண்ணிப் பாத்தாங்க, சட்டத்துக்கு முன்னாடி விடுதலை ஆனவங்களையும் பின்னாடி விடுதலை ஆனவங்களையும் ஒப்பிட்டு, திரும்பவும் இதே குத்தம் செய்றது கொறைஞ்சதா தெரியலன்னு முடிவு சொன்னாங்க. அதே வருஷம் நியூயார்க்ல இன்னொரு ஆராய்ச்சி, இருபது வருஷத்துக்கு மேல உள்ள கைது கணக்க எடுத்துப் பாத்தா, பாலியல் குத்தத்துக்கு கைதானவங்கள்ல 95 விழுக்காட்டுக்கும் மேல இதுக்கு முன்னாடி அந்த மாதிரி குத்தத்துக்கு தண்டனையே வாங்காதவங்க.

இந்த 95ங்குற நம்பர்ல கொஞ்சம் நில்லுங்க. நூறு பேரு கைதாகுறான்னு வைங்க, அதுல 95 பேரு பேரு எந்த லிஸ்ட்டுலயும் இருக்காது, ஏன்னா லிஸ்ட்டுல வரணும்னா ஏற்கனவே மாட்டி, கேஸ் நடந்து, தண்டனை ஆகியிருக்கணும். அப்ப லிஸ்ட்டு எவ்ளோ நல்லா வேலை செஞ்சாலும், ஒரு ஆள் விடாம பிடிச்சாலும், மிச்சம் இருக்குற அஞ்சு பேரத்தான் அது தொட முடியும். பஸ் ஸ்டாண்டு சுவருல எத்தன போட்டோ ஒட்டுனாலும் அந்த 95 பேரும் அத வேடிக்கை பாத்துக்கிட்டு நம்ம பக்கத்துலயே நிப்பான்.

இன்னொரு நம்பரும் இருக்கு. அமெரிக்க நீதித்துறை 2000ல போட்ட கணக்குல, போலீசுக்கு வந்த கேஸ்ல சின்னப் புள்ளைங்கள கெடுத்தவங்கள்ல கிட்டத்தட்ட 34 விழுக்காடு குடும்பத்து ஆளு, 59 விழுக்காடு தெரிஞ்சவங்க, முன்ன பின்ன தெரியாத ஆளு வெறும் 7 விழுக்காடு. அது அமெரிக்க கணக்குதான், ஆனா நம்ம தோட்டப்புறத்துல வளந்தவங்களுக்கு இத கணக்கு போட்டு சொல்லணும்னு இல்ல.

நான் சின்னப் பொண்ணா இருந்தப்ப ஒரு தோட்டத்துல லயத்து வீட்டுல, அதான் வேலையாளுங்களுக்கு வரிசையா கட்டின வீட்டுல இருந்தோம், எந்த தோட்டம்னு வேணாம். எங்க லயத்துக்கு ரெண்டு லயம் தள்ளி ஒரு பொண்ணு, என்னவிட ஒரு வயசு சின்னவ, சாயங்காலம் பந்தடிக்கிற வெளையாட்டுக்கு எங்க கூட வரிசையில நிப்பா, திடீர்னு வரது நின்னு போச்சு. குளிக்கிற தண்ணி பிடிக்க பைப்படிக்கு கூட அவங்க அம்மா கூடத்தான் வருவா. எங்களுக்கு ஒண்ணும் புரியல. ஒரு ஞாயித்துக்கெழம கோயில் மரத்தடியில பெரியவங்க எல்லாம் கூடினாங்க, புள்ளைங்கள வெரட்டி விட்டாங்க, நான் புள்ளைங்கள பாத்துக்கிற ஆயாக் கொட்டகை பின்னாடி ஒளிஞ்சு பாத்தேன். தண்டல் ஒருத்தரு, அதான் தோட்டத்து வேலைய மேல்பார்வை பாக்குறவரு, தலைய குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு, திருவிழாவுல காவடிக்கு முன்னாடி நின்னு உறுமி மேளத்துக்கு வழி விடச் சொல்ற அதே ஆளு. யாரோ "பொண்ணு பேரு கெட்டுப்போவும்"னு சொன்னது மட்டும் காதுல விழுந்துச்சு. அடுத்த மாசம் அவரு வேற தோட்டத்துக்கு மாறிப் போயிட்டாரு, அதே தண்டல் வேலை, அதே சம்பளம், அங்கயும் லயம், அங்கயும் புள்ளைங்க.

ரிப்போர்ட் இல்ல, கேஸ் இல்ல, தண்டனை இல்ல. அந்த ஆளு செத்துப் போற வரைக்கும் அவரு ரெக்கார்டு வெள்ளை வெளேர்னுதான் இருந்துச்சு. உலகத்துலயே நல்ல லிஸ்ட்ட கொண்டாந்து வெச்சிருந்தாலும் அந்த ரெண்டாவது தோட்டத்து அம்மாமாருங்க அதுல தேடினா "இல்லை"ன்னுதான் வந்திருக்கும்.

சரி அப்ப லிஸ்ட்டே வேஸ்ட்டான்னு கேட்டா, அப்படியும் இல்ல. 2011ல ரெண்டு பொருளாதார ஆராய்ச்சியாளருங்க, பிரெஸ்காட், ராக்காஃப்னு பேரு, 15 மாநிலத்து கணக்க வெச்சு ஒரு விஷயம் பிரிச்சுக் காட்டினாங்க. லிஸ்ட்டு போலீஸ் கையில மட்டும் இருந்தா குத்தம் கொஞ்சம் கொறையுது, ஏன்னா எவன் எங்க இருக்கான்னு போலீசுக்கு தெரியும், அவனுக்கும் போலீசுக்கு தெரியும்னு தெரியும். அதையே ஊருக்கெல்லாம் தெறந்து விட்டா, இன்னும் மாட்டாதவன் கொஞ்சம் பயப்படுறான், ஆனா ஏற்கனவே லிஸ்ட்டுல இருக்குறவன் திரும்ப தப்பு செய்றது கூடுறதுக்குத்தான் வாய்ப்பு. காரணம் ரொம்ப சாதாரணம்: வேலை கிடைக்காது, வாடகைக்கு வீடு கிடைக்காது, சொந்தக்காரன் சேத்துக்க மாட்டான், இழக்குறதுக்கு ஒண்ணுமே இல்லாதவனுக்கு ஜெயிலு என்ன பெரிய பயமா? மயாமியில ஸ்கூலுக்கு 2,500 அடிக்குள்ள இவங்க குடியிருக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டு, கடைசியில எடமே இல்லாம ஒரு பெரிய கடல் பாலத்துக்கு அடியில கூடாரம் போட்டு ஒரு கூட்டமே கெடந்துச்சு, 2010 வரைக்கும். பாலத்துக்கு அடியில இருக்குறவன கண்காணிக்கிறது ஈசியா, அட்ரஸ் உள்ளவன கண்காணிக்கிறது ஈசியா? மினசோட்டாவுல 2007ல சிறைத்துறையே திரும்ப தப்பு செஞ்ச 224 பேரு கேஸ ஒண்ணொண்ணா பிரிச்சுப் பாத்தாங்க, ஸ்கூல் பக்கத்துல குடியிருக்கக் கூடாதுன்னு சட்டம் இருந்திருந்தா இதுல எது நின்னிருக்கும்னு. ஒண்ணு கூட இல்லன்னு வந்துச்சு. அவன் ஸ்கூல் வாசல்ல நின்னு புள்ளைய தேடல, பொம்பளை கூட பழகி வீட்டுக்குள்ள வந்திருக்கான், கூட்டாளி வீட்டு புள்ளைய தொட்டிருக்கான்.

இதுல என்ன கொடுமைன்னா, அந்த ஜேக்கப் பையனோட அம்மா பேட்டி வெட்டர்லிங், இந்த சட்டத்துக்காக வருஷக்கணக்கா நாயா அலஞ்சவங்க, அவங்களே பின்னாடி இது ரொம்ப தூரம் போயிடுச்சு, இதால புள்ளைங்களுக்கு நன்மை ஆகுதான்னு வெளிப்படையா கேள்வி கேக்க ஆரம்பிச்சிட்டாங்க. புள்ளைய பறிகொடுத்த தாய் அப்படி கேக்கணும்னா எவ்ளோ யோசிச்சிருக்கணும்.

நம்ம நாட்டுக்கு வருவோம். ரிச்சர்ட் ஹக்கல்னு ஒரு வெள்ளைக்காரன் ஞாபகம் இருக்கா? 2006லேர்ந்து 2014 வரைக்கும் கோலாலம்பூர் பக்கம் ஏழைப்பட்ட புள்ளைங்க கூட, இங்கிலீஷ் சொல்லித் தரேன், உதவி செய்றேன்னு நல்லவன் வேஷம் போட்டு பழகி, நாசம் பண்ணிட்டு போனான். 2016ல லண்டன் கோர்ட்டுல 71 குத்தச்சாட்ட ஒத்துக்கிட்டு ஆயுள் தண்டனை வாங்கினான், 2019ல ஜெயிலுக்குள்ளயே கொல்லப்பட்டான். அவன் இங்க ஆரம்பிக்கும்போது 20 வயசு பக்கம், அந்த வயசு பையன் பேரு எந்த நாட்டு லிஸ்ட்டுல இருந்திருக்கப் போவுது? அந்த அதிர்ச்சியிலதான் 2017ல நம்ம நாட்டுல சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம் வந்துச்சு, ஆக்டா 792ன்னு சொல்லுவாங்க, ஜூலையில அமலுக்கு வந்துச்சு, அதுக்கு முந்தின மாசமே புத்ராஜெயாவுல இதுக்குன்னே தனி கோர்ட்டும் தெறந்தாங்க.

இந்த சட்டத்துலதான் நான் சொன்ன நாலாவது வேலை இருக்கு. குரூமிங்னு ஒண்ணு, மலாய்ல பெங்கந்துனான். தமிழ்ல சொல்லணும்னா புள்ளைய கொஞ்சம் கொஞ்சமா தன் பக்கம் பழக்குறது. எப்படி இருக்கும்னா, மொதல்ல புள்ளைக்கு ஐஸ்கிரீம், அப்புறம் போனுக்கு டாப் அப், அப்புறம் "உங்க அம்மாவுக்கு உன்ன புரியல, எனக்குத்தான் புரியும்", அப்புறம் "இது நமக்குள்ள ரகசியம்". இதுல எந்த இடத்துலயும் யாரும் யாரையும் தொடல, அதனால பழைய காலத்துல போலீஸ்ல போய் என்னன்னு சொல்றது? டாப் அப் போட்டு விட்டான்னா? 2017க்கு அப்புறம், கெட்ட நோக்கத்தோட புள்ளைகிட்ட அப்படி பழகுறதே குத்தம், 5 வருஷம் வரைக்கும் ஜெயிலும் ரோத்தானும். அப்படி பழகி சந்திக்கவும் போனா 10 வருஷம் வரைக்கும். அதாவது முழு தப்பு நடக்குற வரைக்கும் சட்டம் வாசல்ல காத்துக்கிட்டு நிக்க வேணாம். நடக்குறதுக்கு முன்னாடியே பிடிக்குறதுதானே தடுக்குறது?

அப்புறம் அதே சட்டத்துல சத்தமில்லாம ரெண்டு மூணு விஷயம் கெடக்கு. அப்பா, சித்தப்பா, புள்ளை பாத்துக்கிற ஆளு, வாத்தியாரு, வார்டன், கோச், இந்த மாதிரி புள்ளை நம்பி இருக்குற ஆளு செஞ்சா மேல கூடுதல் தண்டனை. தெரிஞ்சும் ரிப்போர்ட் பண்ணாம இருந்தா அதுவும் குத்தம், 5,000 வெள்ளி, அதான் ரிங்கிட், வரைக்கும் அபராதம், கோயில் மரத்தடியில பேசி முடிச்ச பெரியவங்களுக்கு இன்னைக்கு இது பொருந்தும். புள்ளை சொன்ன சாட்சிய மட்டும் வெச்சே கோர்ட்டு தண்டனை குடுக்கலாம், வேற சாட்சி கட்டாயம் இல்ல. இதெல்லாம் நியூஸ்ல பெரிய எழுத்துல வராது. ஆனா எங்க லயத்து பொண்ணுக்கு தேவைப்பட்டது இதுதான், போட்டோ இல்ல.

ரோத்தான் விஷயத்துக்கு வரேன், அத விட்டா கோப்பிக்கடை அண்ணே கோச்சுக்குவாரு. தண்டனை எவ்ளோ பெருசுங்குறத விட, மாட்டுவோம்ங்குறது எவ்ளோ நிச்சயம்ங்குறதுதான் ஆள பயமுறுத்தும்னு குத்தவியல் படிச்சவங்க ரொம்ப காலமா சொல்றாங்க. டிராஃபிக்க பாருங்க, 300 வெள்ளி சம்மன்னு போர்டு இருந்தா யாரு மெதுவா போறா, கேமரா இருக்குற இடத்துல மட்டும் எல்லாரும் சாமியாரு மாதிரி போறாங்க. அதோட, தண்டனை கூடக் கூட வீட்டுக்குள்ளேயே வாய் மூடிக்கும். தோட்டத்துல லயத்து வீடு யாரு வீடு? தோட்டத்து வீடு. புருஷன் வேலைய விட்டா வீட்டயும் காலி பண்ணணும். அப்ப புள்ள வந்து "அப்பா இப்படி பண்றாரு"ன்னு சொன்னா, அந்த அம்மா தலைக்குள்ள என்ன ஓடும்? ரிப்போர்ட் பண்ணா இவன் உள்ள போவான், சம்பளம் நிக்கும், வீடு போகும், மத்த மூணு புள்ளைங்கள கூட்டிக்கிட்டு எங்க போறது? இருபது வருஷம் ஜெயிலுங்குறது அவளுக்கு நியாயமா தெரியாது, தெருவுல நிக்கிறதாத்தான் தெரியும். அவள குத்தம் சொல்றது ஈசி. இந்தியாவுல புள்ளைங்களுக்கு எதிரான பாலியல் குத்தத்துக்குன்னு இருக்குற போக்ஸோ சட்டத்துல 2019ல தூக்கு தண்டனை வரைக்கும் சேத்தாங்க, அப்பவே புள்ளைங்களுக்காக வேலை செய்றவங்க சொன்ன பயம் இதுதான், செஞ்சவன் சொந்தக்காரனா இருந்தா தூக்குன்னு தெரிஞ்ச குடும்பம் வாயே தெறக்காது.

அதுக்குன்னு ஜெயிலே வேணாம்னு நான் சொல்றேன்னு யாரும் திரிக்காதீங்க. உள்ள இருக்குறவனால வெளிய உள்ள புள்ளைய தொட முடியாது, அது நெஜம். வெளிய வந்தவன் எல்லாரும் கண்டிப்பா திரும்ப செய்வான்னு நாம நெனைக்கிறதும் சரியில்ல, 1998ல 61 ஆராய்ச்சிய ஒண்ணா சேத்துப் பாத்ததுல நாலஞ்சு வருஷத்துக்குள்ள திரும்ப பாலியல் குத்தம் செஞ்சவங்க 13.4 விழுக்காடு. அது பிடிபட்ட கணக்குதான், பிடிபடாதது எவ்ளோன்னு கடவுளுக்குத்தான் வெளிச்சம். ஜெர்மனியில 2005லேர்ந்து ஒரு ஆஸ்பத்திரியில புள்ளைங்க மேல கெட்ட எண்ணம் வருதுன்னு பயப்படுறவன் தானா வந்து ரகசியமா சிகிச்சை எடுத்துக்க எடம் வெச்சிருக்காங்க. நம்ம ஊர்ல அப்படி ஒண்ணு தெறந்தா கல்லெடுத்து அடிப்போம்.

இப்ப போன். இந்த காலத்துல வேன்ல வந்து கடத்துற ஆளவிட கைக்குள்ள இருக்குற போன்தான் பக்கம். 2022ல யுனிசெஃப், இண்டர்போல் எல்லாம் சேந்து போட்ட ஆய்வுல, நம்ம நாட்டுல இண்டர்நெட் பாவிக்கிற 12லேர்ந்து 17 வயசு புள்ளைங்கள்ல நூத்துக்கு நாலு பேராவது ஒரே வருஷத்துல ஆன்லைன்ல பாலியல் சுரண்டலுக்கு ஆளாயிருக்காங்கன்னு வந்துச்சு. 2023ல சட்டத்த திருத்தி, படத்த வெச்சு மிரட்டுறது, லைவ்ல காட்டச் சொல்றது எல்லாத்தையும் குத்தத்துல சேத்தாங்க. நல்லதுதான். ஆனா மிரட்டல் வந்த புள்ளை "போன் ஏன் பாத்த"ன்னு வீட்டுல அடி விழும்னு நெனச்சா யாருகிட்டயும் சொல்லாது, சட்டத்துக்கு கேஸே போகாது.

நம்ம நாட்டுலயும் ஒரு லிஸ்ட்டு இருக்கு தெரியுமா? பலருக்கு தெரியாது. சிறார் பதிவேடு, சமூகநல இலாகா, அதான் ஜேகேஎம் வெச்சிருக்கு, புள்ளைங்களுக்கு எதிரா தண்டனை வாங்கினவங்க பேரு அதுல இருக்கு. ஊருக்கு தெறந்து விடல, 2019லேர்ந்து புள்ளைங்க கூட வேலை செய்ய ஆளு எடுக்குறவங்க மனு போட்டு கேக்கலாம். நான் போன வருஷம் கணக்கு சொல்லித் தர ஒரு தம்பிய சேத்தப்ப அவன்கிட்ட சொல்லிட்டு மனு போட்டேன். பேரு இல்லன்னு பதில் வந்துச்சு, ஃபைல்ல வெச்சிருக்கேன். அத பாத்து எனக்கு நிம்மதியாத்தான் இருந்துச்சு, அப்புறம் அந்த தண்டல் மூஞ்சி ஞாபகம் வந்துச்சு, அவரு பேருக்கு மனு போட்டிருந்தா இதே பதில்தான வந்திருக்கும். அன்னைக்கு சாயங்காலமே டியூஷன் கதவு கண்ணாடியில ஒட்டியிருந்த கறுப்பு ஸ்டிக்கர சொரண்டி எடுத்தேன், வெயில் அடிக்குதுன்னு முன்னாடி கடைக்காரரு ஒட்டுனது. தனியா ஒரு புள்ளைய ஒரு வாத்தியாரு வெச்சு பாடம் நடத்தக் கூடாதுன்னு ஒரு ரூல் போட்டேன், எனக்கும் சேத்து. சுவருல 15999ன்னு பெருசா எழுதி ஒட்டினேன், தாலியான் காசேன்னு உதவி கேட்டு கூப்பிடுற நம்பரு, புள்ளைங்களே கூப்பிடலாம்.

ஒரு அக்கா, தோட்டத்துல ஒரம் போடுற வேலை, மகள சேக்க வந்தப்ப ஃபைல பாத்துட்டு "லெட்டர் வந்துடுச்சா, அப்ப சரி லா"ன்னாங்க. "லெட்டர விடுங்கக்கா, நீங்க எப்ப வேணாலும் சொல்லாம வந்து எட்டிப் பாருங்க"ன்னேன். சிரிச்சிட்டு போனாங்க, மரியாதைக்கு சொல்றேன்னு நெனச்சிருப்பாங்க போல. போன வியாழக்கெழம சாயங்காலம் பாத்தா கண்ணாடிக்கு வெளிய பூட்ஸ் கூட கழட்டாம, கையில வடை பொட்டலத்தோட நின்னு உள்ள பாத்துக்கிட்டு இருந்தாங்க.